சின்ன ரீஃப் டேங்கைப் பெருசாக்கப் போறீங்களா? சட்டம் முதல் சில்லர் வரை, பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

உங்கள் ஹாலில் இரண்டடி நீளத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கிளீனர் இறால், பாறை மேல் பச்சையும் ஆரஞ்சுமாகக் கொஞ்சம் சோவாந்திட். ஒன்றரை வருஷம் எதுவும் சாகாமல் ஓட்டிவிட்டீர்கள். இப்போது மூன்றடி தொட்டி வாங்கலாம் என்று மனசு அரிக்க ஆரம்பித்துவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்கு யூடியூபைத் திறந்தால், அமெரிக்காவில் ஒருவர் தன் தொட்டியைச் சுற்றிக் காட்டுகிறார். கால்சியம் ரியாக்டர், நாலு தலை டோசிங் பம்ப், மூன்று விலையுயர்ந்த எல்இடி. நீங்களும் ஒவ்வொன்றாக கார்ட்டில் போட்டுக்கொண்டே போகிறீர்கள்.

ஒரு நிமிஷம். அந்த வீடியோவில் இருக்கும் கருவிகளில் பாதி, கல்பவளங்களை வளர்ப்பதற்கானவை. இந்தியாவில் அந்தப் பவளங்களை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அதாவது உங்களுக்குத் தேவையான கருவிப் பட்டியலும் அவருடையதும் ஒன்றல்ல. அவர் பணத்தைக் கொட்டும் இடத்தில் நீங்கள் கொட்ட வேண்டியதில்லை. அவர் கவலையே படாத இரண்டு விஷயங்களில், அதாவது வெயிலிலும் கரன்ட் கட்டிலும், நீங்கள் பணத்தைப் போட்டாக வேண்டும்.

பவளம் வாங்கலாமா, கூடாதா?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் புலியும் யானையும் இருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். 2001-ல் அதே அட்டவணையில் பாறை கட்டும் எல்லாக் கல்பவளங்களும், கருப்புப் பவளங்களும், ஆர்கன் பைப் பவளமும், நெருப்புப் பவளங்களும், கடல் விசிறிகளும் சேர்க்கப்பட்டன. கடைக்காரர் ஆசை காட்டும் ஹாம்மர், டார்ச், பிரெயின், அக்ரோபோரா எல்லாமே கல்பவளங்கள்தான். பெயர் ஸ்டைலாக இருப்பதால் வேறு ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்த அட்டவணையில் உள்ள உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு, பாஸ்போர்ட்டும் பேக்ரவுண்ட் செக்கும் இருக்கும் வாழ்க்கையில், இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. “எல்லாரும் வெச்சிருக்காங்க சார்” என்ற கடைக்காரரின் சமாதானம் கோர்ட்டில் எடுபடாது.

உயிரோடு இருக்கும் பவளத்துக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்பதும் தப்பான எண்ணம். செத்த பவளத்தின் எலும்புக்கூடும் அதில் அடங்கும். ‘லைவ் ராக்’ என்று விற்கப்படும் கல்லை உற்றுப் பாருங்கள். அதில் பூப்போல, தேன்கூடுபோல ஒரே அளவிலான குழிகள் வரிசையாக இருந்தால் அது பவளக் கல். செராமிக்கிலோ சிமென்ட் கலவையிலோ செய்த செயற்கைப் பாறை இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. பாக்டீரியாவுக்கு இரண்டும் ஒன்றுதான். கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். அவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இது அதிகாரிகளின் வீண் கெடுபிடி இல்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்து அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்த 21-ல் பூமரிச்சான், விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகே வான் தீவு தேய்ந்துகொண்டே வந்து, செயற்கைப் பாறைகளை இறக்கித்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அப்படியென்றால் என்னதான் வைப்பது? சோவாந்திட், மஷ்ரூம், லெதர் போன்ற மென்மையான வகைகள் மேலே சொன்ன ஐந்து பிரிவுகளில் வராது. ஆனால் தேசியப் பூங்கா எல்லைக்குள்ளிருந்து எடுத்தால் அதுவும் குற்றம்தான். எனவே எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பில் வாங்குங்கள். இன்னொருவர் தொட்டியில் வளர்ந்து, வெட்டிப் பிரித்த துண்டு கிடைத்தால் அதுதான் நல்லது. மீனிலும் அப்படியே. மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. தொட்டியில் பிறந்த மீன் கிடைக்கும்போது கடலில் பிடித்ததை வாங்க ஒரு காரணமும் இல்லை.

பெருசா வாங்கினா என்ன லாபம்?

அழகு ஒருபக்கம் இருக்கட்டும். உண்மையான லாபம், தப்பு நடந்தால் சுதாரிக்க நேரம் கிடைப்பது. ஒரு சின்ன கணக்கு பார்ப்போம். தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். கடல்நீரின் இயல்பான உப்பளவு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். உங்கள் இரண்டடி தொட்டியில் நிஜமாக 50 லிட்டர் தண்ணீர் இருந்து, நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியானால், மூன்று நாள் லாங் வீக்எண்ட் முடிந்து திரும்பும்போது உப்பளவு 37-ஐத் தாண்டியிருக்கும். மூன்றடி தொட்டியும் கீழ்த்தொட்டியும் சேர்ந்து 200 லிட்டர் என்றால், நீர்ப்பரப்பு அதிகம் என்பதால் நாளுக்கு இரண்டரை லிட்டர் போனாலும், அதே மூன்று நாளில் 36.4 தான். வெப்பநிலையும் அதுபோலத்தான் மெதுவாக ஏறும். மெதுவாக இறங்கும்.

குறைந்த தண்ணீரை நல்ல தண்ணீரால் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் கருவி ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள். என்னைக் கேட்டால், ஆபீஸ் போகிறவர் தொட்டிக்கு லைட்டைவிட இது முக்கியம்.

எதை வாங்கணும், எதை விடணும்?

கல்பவளம் இல்லாத தொட்டியில் கால்சியமும் ஆல்கலினிட்டியும் அவ்வளவு வேகமாகத் தீராது. வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் போதும். கால்சியம் ரியாக்டர் வேண்டாம், டோசிங் பம்ப் வேண்டாம், கண்ணைப் பறிக்கும் உயர்ரக லைட்டும் வேண்டாம். மென்பவளங்களுக்கு நடுத்தர எல்இடி தாராளம். புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்று சுமாரான விலையில் இருந்தால் நல்லது.

சில்லர் அப்படியில்லை. ரீஃப் தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி வரை சரி. கடலிலேயே வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் பவளங்கள் வெளிறத் தொடங்கும். 1998, 2010, 2016-ல் லட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் நடந்தது அதுதான். மே மாதம் சென்னையில் பூட்டிய ஃப்ளாட்டுக்குள் பம்ப்பும் லைட்டும் ஓடும் தொட்டி 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும்.

தண்ணீர் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும் என்பது உண்மை. ஆனால் அது ஆவியாதலால் வரும் குளிர்ச்சி. டெல்லி, ஹைதராபாத்தின் வறண்ட கோடையில் நன்றாக வேலை செய்யும். ஈரப்பதம் நிறைந்த சென்னையிலும் மும்பையிலும் பலன் குறைவு. பெங்களூரில் ஃபேனோடு தப்பிக்கலாம். அங்கே டிசம்பர் ராத்திரிக்கு ஹீட்டர்தான் தேவைப்படும். ராத்திரி மட்டும் ஏசி போடும் பழக்கம் இருந்தால் பகலில் ஏறி இரவில் இறங்கும் ஊசலாட்டம் வரும், அதுவும் நல்லதல்ல.

கரன்ட் பில்லை முன்னாடியே கணக்கு போட்டுவிடுங்கள். 300 வாட் இழுக்கும் சில்லர் நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் மாதம் 72 யூனிட். 30 வாட் ரிட்டர்ன் பம்ப் இடைவிடாமல் ஓடினால் 22 யூனிட். லைட், வேவ்மேக்கர், ஸ்கிம்மர் எல்லாம் சேர்ந்தால் கோடை மாதத்தில் 130 யூனிட் பக்கம் வரும். உங்கள் வீட்டு உபயோகம் ஏற்கெனவே ஒரு ஸ்லாபின் விளிம்பில் இருந்தால் அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிடும். சில்லர் சூடான காற்றை வெளியே தள்ளும் கருவி. அதை மூடிய கேபினட்டுக்குள் வைத்தால் தானும் சூடாகி, தொட்டியையும் சூடாக்கும்.

அடுத்தது பவர் கட். தண்ணீர் அசையாமல் நின்றால் முதலில் தீர்வது ஆக்ஸிஜன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு. சில மணி நேரம் போதும், பெரிய மீன் முதலில் போகும். வீட்டு இன்வெர்ட்டரில் சில்லரை மாட்டாதீர்கள், வேவ்மேக்கரை மட்டும் மாட்டுங்கள். 10 வாட் வேவ்மேக்கரை 150 ஆம்பியர் பேட்டரி ஒரு நாளுக்கு மேல் தாங்கும். இன்வெர்ட்டர் இல்லாத வாடகை வீடா? பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, மாற்று பேட்டரியோடு.

உப்புத் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். தொட்டிக்குப் போகும் சர்க்யூட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். வழியும் துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

தரை தாங்குமா? ஹவுஸ் ஓனர் தாங்குவாரா?

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதில் 190 லிட்டர் பிடிக்கும். 10 மி.மீ கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்ட், கீழே சம்ப் எல்லாம் சேர்த்தால் 330 முதல் 350 கிலோ. ஐந்து பேர் ஒரே டீப்பாய் அளவு இடத்தில் இறங்காமல் நிற்பது போல. இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டு அறைகளின் தரை, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. முழு அறைக்கும் கணக்கிட்டால் இது பெரிய சுமை இல்லை. ஆனால் ஒரே இடத்தில் குவிகிறது. எனவே பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள், அறை நடுவில் வேண்டாம். நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் கூடவே கூடாது. பழைய கட்டடம் என்றால் ஒரு சிவில் இன்ஜினியரிடம் கேட்டுவிடுவது உத்தமம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஓனரிடம் சொல்லாமல் வைத்து, கீழ் வீட்டுக் கூரையில் உப்புத் தண்ணீர் கசிந்தால் அட்வான்ஸ் திரும்பி வராது. ஆறு மாதத்தில் ஊர் மாறும் வாய்ப்பு இருந்தால் இந்தப் பிளானையே தள்ளிப் போடுங்கள். 350 கிலோவை பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தூக்குவார்கள், உள்ளே இருக்கும் உயிர்களை அவர்கள் தூக்க மாட்டார்கள்.

சம்ப் வைத்தால் ஒரு சோதனை கட்டாயம். கரன்ட் போனதும் மேல்தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும். இந்த அளவு தொட்டியில் ஒரே ஒரு இன்ச் இறங்கினாலே 10 லிட்டருக்கு மேல். சம்பில் அவ்வளவு காலி இடம் இல்லையென்றால் மிச்சம் தரையில்தான். மீன் விடுவதற்கு முன்பே பம்ப்பை நாலைந்து முறை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர்

வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க நல்லது, ரீஃபுக்குப் போதாது. சுவைக்காக அதில் தாதுக்களைத் திரும்பக் கலப்பார்கள். டிடிஎஸ் மீட்டரில் 50, 80 என்று காட்டும். கேன் தண்ணீரும் அப்படித்தான். உங்களுக்குத் தேவை பூஜ்ஜியம். ஆர்.ஓ.வுக்குப் பிறகு டிஐ ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்தால் வரும். 200 லிட்டருக்குச் சுமார் ஏழரை கிலோ உப்புக் கலவை பிடிக்கும். தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். பம்ப் போட்டு ஒரு நாள் கலக்கவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்கவும். அந்த மீட்டரையே 35 அளவுள்ள திரவத்தில் முதலில் சரிபார்க்க வேண்டும். மிதவை வைத்த மலிவு ஹைட்ரோமீட்டர் நம்மைப் பலமுறை ஏமாற்றும். கடற்கரையில் போய்க் குடத்தில் மொண்டு வரலாமே என்று யாராவது சொல்வார்கள். நகரக் கடற்கரைத் தண்ணீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும். விட்டுவிடுங்கள்.

மாற்றும் நாள்

இங்கேதான் பலர் தொட்டியை இழக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே தப்பான நம்பிக்கையால். “பழைய தண்ணியை அப்படியே ஊத்திட்டா போதும், பாக்டீரியா எல்லாம் வந்துடும்.” வராது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. அவை பாறையிலும் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. நீங்கள் காப்பாற்ற வேண்டியது ஈரமான பாறையை. தண்ணீர் புதிதாக இருந்தாலும் பாதகமில்லை.

மணல் வேறு கதை. ஒன்றரை வருஷக் கழிவு அதன் அடியில் உறங்குகிறது. கிளறினால் அம்மோனியாவும், அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஒரே நேரத்தில் வெளியே வரும். புது மணல் வாங்கிக் கழுவிப் போடுங்கள். பழைய மணல் மேல்பரப்பிலிருந்து ஒரு கப் எடுத்துத் தூவினால் போதும்.

சனிக்கிழமைக்கு முன்பே வேலைகள் முடிந்திருக்க வேண்டும். புதுத் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பார்த்தாயிற்று. உப்புத் தண்ணீர் கலந்து, வெப்பமும் உப்பளவும் பழைய தொட்டிக்குச் சமமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சோப்பு படாத புது பக்கெட் ஐந்தாறு இருக்கிறது. அவசரத்துக்கு இன்னும் 40, 50 லிட்டர் உப்புத் தண்ணீர் தனியாக.

அன்று காலை முதலில் பழைய தொட்டியின் தெளிந்த தண்ணீரைப் பக்கெட்டுகளில் எடுங்கள். சோவாந்திட் ஒட்டிய துண்டுகள், பிறகு பாறைகள், கடைசியில் மீனும் இறாலும். பாறை உள்ளே இருக்கும்போது மீன் பிடிக்க முயன்றால் ஒரு மணி நேரம் போகும், மீனின் பாதி உயிரும் போகும். மீன் இருக்கும் பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு மூடிவிடுங்கள். கோமாளி மீன் குதிக்கும். புதுத் தொட்டியில் பாறையை மணல் மேல் வைக்காமல் நேராகக் கண்ணாடி மேல் உட்காரவைத்து, பிறகு மணலைச் சுற்றிப் போடுங்கள். இல்லையென்றால் என்றாவது மணல் சரிந்து பாறை உருளும். பிறகு மென்பவளம், கடைசியாக மீன்.

இப்போது கட்டுரையிலேயே முக்கியமான பகுதி. உங்கள் பாறையில் ஒட்டியிருக்கும் சோவாந்திட், குறிப்பாக அதன் உறவான பாலிதோவா வகைகளில் சில, பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சைச் சுமப்பவை. தொட்டியில் சும்மா இருக்கும்போது பிரச்சினை இல்லை. அவற்றைச் சுரண்டும்போது, வெட்டும்போது, எல்லாவற்றையும்விட மோசமாக, பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கும்போதுதான் ஆபத்து. நஞ்சு ஆவியோடு கலந்து வீடு முழுக்கப் பரவும். வெளிநாடுகளில் இப்படிக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு, வீட்டு நாய் உட்பட.

பாறையை ஒருபோதும் கொதிக்கவைக்காதீர்கள், வெந்நீர் பீய்ச்சாதீர்கள். தடித்த ரப்பர் கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். குழந்தையும் செல்லப் பிராணியும் அடுத்த அறையில். வேலை முடிந்து சில மணி நேரத்துக்குள் இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், தசை வலி, வாயில் உலோகச் சுவை, கண் எரிச்சல் வந்தால், “ஏதோ வைரல்” என்று படுத்துவிடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியேறி நேராக மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டரிடம் பாலிடாக்சின் என்ற பெயரைச் சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. அறிகுறிகளைச் சமாளிக்கும் சிகிச்சை மட்டும்தான். எனவே நேரம் முக்கியம்.

முதல் மாதம்

முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் அம்மோனியா டெஸ்ட் பண்ணுங்கள். கொஞ்சம் காட்டினாலும் தயாராக வைத்திருந்த உப்புத் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு வாரம் மீனுக்குப் பாதி சாப்பாடு போதும். புது எல்இடியை முழு வெளிச்சத்தில் போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும். சின்ன லைட்டில் வளர்ந்த உயிர்கள் ஒரே நாளில் வெளிறிவிடும். 30, 40 சதவீதத்தில் தொடங்கி நாலு வாரத்தில் மெதுவாக ஏற்றுங்கள். பழுப்புப் பாசியும் வரும். புதுத் தொட்டி என்றால் அது வந்துதான் போகும்.

புது மீன்? இந்த மாதம் வேண்டாம். அடுத்த மாதம் ஒன்று. படத்தில் பார்த்த ‘டோரி’ நீல டேங், வளர்ந்தால் ஒரு அடி இருக்கும். மூன்றடி தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்களை நாள் முழுக்க மேய்ந்தே வாழும். புதுத் தொட்டியில் மெல்லப் பட்டினி கிடந்து சாகும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கோமாளி ஜோடியோ, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷம்கூட வாழக்கூடியது.

பழைய இரண்டடி தொட்டியை ஓஎல்எக்ஸில் போட அவசரப்படாதீர்கள். இனி வாங்கும் ஒவ்வொரு மீனும் முதல் நாலு வாரம் அதில்தான் இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி நோய்க்குத் தரும் தாமிர மருந்து இறாலையும் மென்பவளத்தையும் கொன்றுவிடும். பெரிய தொட்டியில் ஊற்ற முடியாது. பாறையும் மணலும் இல்லாமல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டும் போட்டுவைத்தால், அதுவே உங்கள் வீட்டு மீன் ஆஸ்பத்திரி. அந்த ஸ்பாஞ்சை இன்றே பெரிய தொட்டியின் சம்பில் போட்டுவையுங்கள். அடுத்த மாதம் மீன் வரும்போது அதில் பாக்டீரியா பிடித்திருக்கும்.